எழுந்திரு, தம்பி!

கண் டாக்டர் சொன்ன விஷயம் இந்த உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். டாக்டருக்கு, கத்திரிக்கு, கத்திரியின் மனைவிக்கு. போன வாரத்திலிருந்து நான்காவதாக உங்களுக்கும் தெரியும்.

மறந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. பழைய கால்பந்து வீரர் கத்திரிக்குப் பார்வையின் நடுப்பகுதி அழிந்துகொண்டே வருகிறது. ஓரம் தெரியும், நடு தெரியாது. எதை நேருக்கு நேர் பார்க்கிறாரோ அது மட்டும் புகை மூடின மாதிரி காணாமல் போய்விடும். போனது போனதுதான். மிச்சம் இருப்பதை வேண்டுமானால் கொஞ்ச நாள் இழுத்துப் பிடிக்கலாம்.

அதைக் கேட்டுவிட்டு வெளியே வந்த கையோடு, ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று மனைவியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். "யார்கிட்டேயும் மூச்சு விடக் கூடாது. மகள்கிட்ட கூட."

அவளும் கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து அந்தச் சத்தியம் தொண்டையில் சிக்கிய மீன் முள் மாதிரி. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

சனிக்கிழமை காலையில் அவள் தையல் மெஷினில் உட்கார்ந்து ஒரு ஓட்டலுக்கான ஜன்னல் திரைகளுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். கத்திரி பக்கத்து நாற்காலியில் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்தபடி, படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். போன் அடித்தது. மாப்பிள்ளை. விளையாட்டுச் சானலில் தயாரிப்பாளர்.

"மாமா, ஒரு சிக்கல். நம்ம வர்ணனைக்காரருக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. வாயைத் திறந்தா வெறும் காத்துதான் வருது. இன்னிக்கு மேட்ச் முழுக்க நீங்க ஒருத்தரே பேசணும். முடியுமில்ல?"

மெஷின் நின்றது.

இரண்டு வருஷமாக அந்த வர்ணனைக்காரனும் கத்திரியும் ஜோடி. பந்து யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று அவன் சொல்வான். ஏன் போகிறது, எங்கே கோட்டை விட்டார்கள் என்று இவர் விளக்குவார். அவன் கண், இவர் வாய். அதனால்தான் இத்தனை நாள் வண்டி ஓடியது.

அவள் இரண்டு கையையும் ஆட்டி 'வேண்டாம், வேண்டாம்' என்றாள்.

"இதெல்லாம் ஒரு கேள்வியா மாப்பிள்ளை? வண்டியை அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார் கத்திரி.

"நான் கை ஆட்டினது தெரியலையா?"

"கை நல்லாத் தெரிஞ்சுது. மூஞ்சிதான் தெரியலை. அதனால பயப்படலை."

"விளையாடாதீங்க. உங்களுக்கும் தொண்டை கட்டிக்கிச்சுன்னு சொல்லுங்க."

"ஒரே நாள்ல ரெண்டு தொண்டையா? சொன்னா நம்ப வேண்டாமா, கேப்டன்?"

கேப்டன் என்பது வீட்டுக்குள் அவளுக்கு இருக்கிற பெயர். நாட்டுக்காக அத்தனை வருஷம் ஆடியும் கத்திரிக்கு ஒருமுறை கூடக் கேப்டன் பட்டை கிடைக்கவில்லை. கல்யாணமான புதிதில், "எனக்கு வாய்க்காதது உனக்காவது வாய்க்கட்டும்" என்று அந்தப் பட்டத்தை இவளுக்குக் கட்டிவிட்டார். பட்டம்தான். அவர் ஒன்றை முடிவு செய்துவிட்டால் இந்தக் கேப்டன் பேச்சு அம்பலம் ஏறாது.

"பந்து தெரியுமாங்க உங்களுக்கு?"

"பந்தை யாரு பார்க்கிறது? ஆளுங்க எந்தப் பக்கம் சாயறாங்கன்னு தெரிஞ்சா பந்து எங்கேன்னு தெரிஞ்சுடும். பேரு மறந்தா ஹெட்போன் வழியா காதுல மாப்பிள்ளை எடுத்துக் கொடுப்பார். நீ சட்டையை எடு."

அவள் சட்டையை எடுத்தாள். வேறென்ன செய்வாள்?

அந்தரத்தில் மல்லாந்தபடி இரண்டு காலையும் கத்திரிக்கோல் மாதிரி வீசிப் பந்தை வலைக்குள் வெட்டிய மனுஷன். அதனால்தான் அந்தப் பெயர். விளையாட்டை விட்ட பிறகு அவர் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். பயிற்சியாளராகப் போனார், ஒரே சீசனில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறகு வருஷக்கணக்கில் இந்த முன்னறையில், இதே நாற்காலியில், வெளிச்சம் ஆகாது என்று திரையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டால் 'ம்' என்பார். கூப்பிடாவிட்டால் அதுவும் இல்லை. மாப்பிள்ளை கொண்டுபோய் மைக் முன்னால் உட்காரவைத்த பிறகுதான் மனுஷன் குளிக்கும்போது விசில் அடிக்க ஆரம்பித்தார்.

அந்த விசிலை எந்த வாயால் நிறுத்துவது?

கத்திரி சவரம் செய்துகொண்டு வந்தார். தாடையில் ரத்தம். பஞ்சை வைத்து அழுத்தினாள். சட்டைப் பித்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள். கீழே ஹாரன் கேட்டது. தேய்ந்த முட்டிகளோடு, கைப்பிடியைப் பிடித்தபடி நண்டு மாதிரி பக்கவாட்டில் படியிறங்கிப் போனார்.

விசில் அடித்துக்கொண்டேதான் போனார்.

*

தனியாக உட்கார்ந்து அந்த மேட்சைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. பஸ் பிடித்து மகள் வீட்டுக்குப் போனாள்.

மகள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். இன்று விடுமுறை. பல் முளைக்கிற குழந்தை ராத்திரியெல்லாம் படுத்திய பாட்டில் கண் சிவந்திருந்தது. இருந்தாலும் டிவியைப் பெரிதாக வைத்துக்கொண்டு, குழந்தையை மடியில் போட்டபடி உற்சாகமாக இருந்தாள்.

"அப்பா தனியாப் பேசுறாராமே! இவர் சொன்னார். எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலைம்மா."

"எனக்கும்தான்" என்றாள் அம்மா. அந்த இரண்டுக்கும் ஒரே அர்த்தம் இல்லை என்று மகளுக்குத் தெரியாது.

ஆட்டம் ஆரம்பித்தது.

சும்மா சொல்லக் கூடாது. முதல் பாதியில் கத்திரி பிரமாதப்படுத்தினார். பந்து காலில் படுகிற சத்தத்தை வைத்தே அது நீளமாகப் போகிறதா, குட்டையாகப் போகிறதா என்று சொன்னார். கூட்டம் எழும்புவதற்கு ஒரு மூச்சு முன்னால் குரலை ஏற்றினார். உள்ளூர் அணியின் இளம் ஆட்டக்காரன், பத்தொன்பது வயசுப் பையன், இடது ஓரத்தில் பாய்ந்து வந்து கோல் போட்டபோது, "இந்தத் தம்பியோட இடது காலுக்கு ஒரு வீடே எழுதி வைக்கலாம்!" என்றார்.

"அப்பா பின்னுறார்ம்மா!" மகள் குழந்தையின் கையைப் பிடித்துத் தட்டினாள். "தாத்தா குரல், கேளு, தாத்தா குரல்!"

அம்மா மெதுவாக நாற்காலியில் சாய்ந்தாள். ஒருவேளை நான்தான் வீணாகப் பயந்தேனோ? இருபது வருஷம் ஆடிய உடம்பு. கண் இல்லாவிட்டால்தான் என்ன?

இரண்டாம் பாதி. அதே பையன் மறுபடி பந்தோடு உள்ளே நுழைந்தான். எதிரணி கோல்கீப்பர் வெளியே ஓடி வந்தான். இரண்டு பேரும் மோதினார்கள். கோல்கீப்பரின் முழு உடம்பும் பையனின் காலில் விழுந்தது.

மூட்டே இல்லாத இடத்தில் கால் மடங்கியது.

மகள் குழந்தையின் முகத்தைத் தன் தோளில் அழுத்திக்கொண்டாள். மைதானத்தில் அத்தனை ஆயிரம் பேரும் ஒரே நேரத்தில் வாயடைத்துப் போனார்கள். பக்கத்தில் நின்ற ஆட்டக்காரன் ஒருவன் பார்த்த மாத்திரத்தில் திரும்பி, தரையில் மண்டியிட்டு வாந்தி எடுத்தான். காமிரா பதறிப்போய் வானத்தைக் காட்டியது.

அந்த அமைதியில் ஒரே ஒரு குரல் மட்டும் கேட்டது. குஷியான குரல்.

"என்னடா, ஆட்டம் நின்னு போச்சேன்னு பார்த்தா, நம்ம சின்னத் தம்பி படுத்துட்டார்! ஒரு கோல் முன்னால இருக்கோமில்ல? இனிமே காத்தடிச்சாலும் விழத்தான் தோணும்!"

"அம்மா..." என்றாள் மகள்.

"எழுந்திரு, தம்பி! நாங்க ஆடின காலத்துல எலும்பு வெளியே எட்டிப் பார்த்தாதான் ரெஃப்ரி விசில் ஊதுவார். கொஞ்சம் நடிப்பைக் குறைச்சுக்கோ. வீட்ல அம்மா பார்த்துக்கிட்டிருப்பாங்க, அவங்க உண்மைன்னு நெனச்சுடப் போறாங்க!"

அவர் சிரித்தார். மைக் அந்தச் சிரிப்பை முழுசாகப் பிடித்து நாடெங்கும் அனுப்பியது.

"பேசாதீங்க... ஐயோ, பேசாதீங்க." அவள் எழுந்து டிவிக்குப் பக்கத்திலேயே போய்விட்டாள். திரையில் கை வைத்து அவர் வாயைப் பொத்திவிடலாம் என்பது போல. போனை எடுத்து அடித்தாள். அணைத்து வைத்திருந்தார். மாப்பிள்ளைக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. அந்தக் காட்சியைத் திரும்பக் காட்டுவதா வேண்டாமா என்று அங்கே எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள் என்பதும், கத்திரியின் காதில் ஒரு வார்த்தை சொல்ல யாருக்கும் தோன்றவில்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது.

"எழுந்திரு, எழுந்திரு, நேரம் போகுது பாரு..."

டக்கென்று குரல் அறுந்தது. யாரோ மைக்கை அணைத்துவிட்டார்கள். ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களின் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது.

மகள் எழுந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"என்னம்மா இது? ஒரு பையன் கால் உடைஞ்சு கிடக்கான். இவர் கிண்டல் பண்றார்! கண்ணு தெரியலையா இவருக்கு?"

அம்மா சட்டென்று மகளின் முகத்தைப் பார்த்தாள்.

ஆனால் அது வெறும் வசவுதான். கோபத்தில் எல்லோரும் சொல்கிறது. மகள் அடுத்த வார்த்தைக்குப் போய்விட்டாள்.

"நான் சைக்கிள்ல விழுந்து முட்டி பேந்தப்ப, செருப்பு கூடப் போடாம என்னைத் தூக்கிட்டு ஓடினவர்மா. அந்த அப்பா எங்கே போனார்? அந்த அம்மா, அந்தப் பையனோட அம்மா, இதைக் கேட்டிருப்பாங்களே!"

"ஏதோ பதட்டத்துல..."

"பதட்டமா? சிரிச்சார்மா!"

ஒரே ஒரு வாக்கியம். சொன்னால் மகளின் கோபம் அந்த நிமிஷமே கரைந்து ஓடிவிடும். அவள் வாயைத் திறந்தாள். சத்தியம் குறுக்கே நின்றது.

"அவர் அப்படிப்பட்டவர் இல்லைம்மா" என்று மட்டும் சொன்னாள்.

"நீ எப்பவுமே இப்படித்தான். அவர் என்ன செஞ்சாலும் ஜால்ரா." மகள் டிவியை அணைத்தாள். குழந்தை அழ ஆரம்பித்தது. "நீ வீட்டுக்குப் போம்மா. இன்னிக்கு என்னால அவரைப் பத்திப் பேச முடியாது."

பஸ்ஸில் முன் சீட்டுக்காரன் தன் போனில் அந்தச் சிரிப்பையே திரும்பத் திரும்பப் போட்டுப் பக்கத்தில் இருந்தவனுக்குக் காட்டிக்கொண்டு வந்தான். "கல் நெஞ்சுக்காரன்" என்றான் பக்கத்தில் இருந்தவன். அவள் தன்னுடைய நிறுத்தத்துக்கு முன்னாலேயே இறங்கி நடந்தாள்.

*

பொழுது சாயும் நேரத்தில் மாப்பிள்ளை அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கத்திரி செருப்பைக் கழற்றாமல் நேரே போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். மாப்பிள்ளை உட்காரவில்லை.

"கடைசியா ஒரு தடவை கேக்குறேன் மாமா. ஏன் அப்படிப் பேசினீங்க?"

"நடிக்கிறான்னு நெனச்சேன். நெனச்சதைச் சொன்னேன்."

"மானிட்டர் உங்க மூக்குக்கு முன்னாலதானே இருந்தது? பார்க்கலையா?"

"பார்த்தேன்னு சொல்றேனில்ல!" நாற்காலிக் கையில் ஓங்கி அடித்தார் கத்திரி. "நல்லாப் பார்த்தேன். எங்க காலத்துல நாங்க பார்க்காத அடியா?"

மாப்பிள்ளை மாமியாரைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"சரி. எங்க ஆபீஸ்ல கொதிச்சுப் போயிருக்காங்க. நாளைக்குக் காலையில நீங்க காமிரா முன்னால மன்னிப்புக் கேக்கணும். அவங்க எழுதின வார்த்தையை அப்படியே படிக்கணும், ஒரு எழுத்து மாறக் கூடாது. அதை அனுப்பியிருக்காங்க. முனையில ஜெராக்ஸ் கடையில பிரிண்ட் எடுத்துட்டு வரேன்."

"சரி" என்றார் கத்திரி.

எதற்குச் சரி என்கிறார்? ஒரு எழுத்து கூடப் படிக்க முடியாதவர்!

கதவு சாத்திய சத்தம் அடங்கும்வரை அவர் அசையவில்லை. பிறகு மெல்ல எழுந்து, சுவரைத் தடவியபடி படுக்கையறைக்குள் போனார். பின்னாலேயே அவளும் போனாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"கேப்டன்... அந்தப் பையனுக்கு என்னதான் ஆச்சு?"

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"யாரும் சொல்லலையா?"

"எல்லாரும் திட்டினாங்க. என்ன ஆச்சுன்னு எப்படிக் கேக்குறது? நான்தான் பார்த்தேன்னு சொல்லிட்டேனே."

அவள் சொன்னாள். மோதியதை, கோல்கீப்பர் விழுந்ததை, கால் மடங்கியதை. சொல்லாமல் விடலாமா என்று ஒரு கணம் நினைத்து, வாந்தி எடுத்தவனையும் சொன்னாள்.

"எந்தக் கால்?"

"இடது."

"முட்டிக்குக் கீழேயா?"

"ஆமா. நடுவுல."

அவர் கை தானாகப் போய்த் தன் இடது கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டது.

"எலும்புன்னு நான் ஏதோ சொன்னேனே. அப்போ..."

"ஆமாங்க."

அவர் தோள் குலுங்கியது. ஐம்பதாயிரம் பேர் கத்தும்போது கலங்காத மனுஷன், தலையணையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதார்.

"எனக்கு என்ன கேட்டுச்சு தெரியுமா? ஒண்ணுமே கேக்கலை. அத்தனை பேரும் ஒரேயடியா வாயை மூடிக்கிட்டா, என் காது என்ன பண்ணும்?"

அவள் அவர் முதுகைத் தடவினாள். தடவத்தான் முடிந்தது.

"சொல்லிடலாங்க. கண்ணு தெரியலைன்னு சொன்னா ஒருத்தர் கூடக் கல் எறிய மாட்டாங்க."

"எறிய மாட்டாங்க. பாவம்னு சொல்வாங்க. அதுக்குக் கல்லே தேவலை." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அது மட்டும் இல்லை. மாப்பிள்ளையை நெனைச்சுப் பாரு. கண்ணு தெரியாதவனையா கொண்டுவந்து உட்கார வச்சேன்னு அவர் சீட்டைக் கிழிச்சுடுவாங்க. கைக்குழந்தைக்காரர். நான் கெட்டவன்னா அந்தக் கெட்ட பேர் என்னோட போயிடும். நான் குருடன்னா அவரையும் சேர்த்து இழுத்துக்கிட்டுப் போகும்."

"மகள் உங்களைக் கல் நெஞ்சுன்னு நெனைக்கிறாளே."

தலையணையைத் தடவி ஓரமாக வைத்துவிட்டு, "நெனைக்கட்டும்" என்றார். அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்குள் அவருக்கு வயசு இன்னும் கூடிவிட்ட மாதிரி இருந்தது.

"அப்போ நாளைக்கு எப்படிப் படிப்பீங்க?"

"ராத்திரி நீ படிச்சுக் காட்டு. மனப்பாடம் பண்ணிக்கிறேன்."

வாசல் மணி அடித்தது.

கத்திரி சட்டென்று எழுந்து முகம் கழுவிக்கொண்டு முன்னறைக்கு வந்தார். மாப்பிள்ளையின் கையில் ஒரு தாள். வெளியே நடந்துவிட்டு வந்ததில் அவர் கோபமும் கொஞ்சம் ஆறியிருந்தது.

"மாமா, ஒரு தடவை வாய்விட்டுப் படிச்சுடுங்க. எங்கேயாவது தடுக்குச்சுன்னா இப்பவே மாத்தித் தரச் சொல்லலாம்."

"இப்பவேவா?" என்றாள் அவள். "களைச்சுப் போயிருக்கார். சாப்பிட்டுட்டு..."

"ஒரு நிமிஷ வேலை, அத்தை. ஆபீஸ்ல காத்துக்கிட்டிருக்காங்க."

கத்திரி கை நீட்டினார். தாள் எங்கே இருக்கிறது என்பதில் ஒரு சின்னத் தடுமாற்றம். பிடித்துவிட்டார். முகத்துக்கு நேராகத் தூக்கினார். தொண்டையைச் செருமினார். மைக் முன்னால் செருமுவது மாதிரியே.

"எல்லாருக்கும் வணக்கம். நேத்து ஒரு பையன் என் கண்ணு முன்னால விழுந்தான். அவனோட இடது கால் உடைஞ்சுது. அவன் வலியில துடிச்சப்போ நான் சிரிச்சேன்..."

அழகான குரல். நடுங்கவில்லை. அவள் கும்பிடாத குறையாக நின்றுகொண்டிருந்தாள்.

"...தம்பி, நீ நடிக்கலை. நடிச்சது நான்தான். உன் அம்மாகிட்ட மன்னிப்புக் கேக்குற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் கேக்குறேன். அவங்க கதவைத் திறந்தா வாசல்லேயே நின்னு கேக்குறேன். திறக்கலைன்னாலும் நின்னுக்கிட்டே இருப்பேன்..."

மாப்பிள்ளை அவருக்குப் பின்னால் வந்து, தோளுக்கு மேலாகத் தாளை எட்டிப் பார்த்தார். வரியோடு வரியாகப் போக விரலை நீட்டினார். 'எமது அலைவரிசையின் நேரலை ஒளிபரப்பில் நிகழ்ந்த எதிர்பாராத தவறுக்கு' என்று ஆரம்பிக்கிற முதல் வரியிலேயே அந்த விரல் நின்றுவிட்டது. அடுத்த வரிக்குப் போயிற்று. திரும்பி வந்தது.

அங்கே தம்பியும் இல்லை, அம்மாவும் இல்லை, கதவும் இல்லை.

மாப்பிள்ளை ஒரு அடி பக்கவாட்டில் நகர்ந்தார். மாமனாரின் முகத்துக்கும் தாளுக்கும் நடுவில் தன் கையைக் கொண்டுபோய் வைத்தார். தாளை முழுசாக மறைத்தபடி.

குரல் நிற்கவில்லை. ஒரு சொல் கூடத் தடுக்கவில்லை.

மாப்பிள்ளை மெதுவாகத் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். மேட்சிலிருந்து எல்லோரிடமும் இருந்த கோபம் அந்த முகத்தில் இல்லை. அதைவிடப் பயங்கரமாக ஏதோ ஒன்று இருந்தது.

"அத்தை?" என்றார், உதடு மட்டும் அசைய.

கத்திரி இன்னும் படித்துக்கொண்டிருந்தார்.